செபமாலை அண்ணையின்ர அம்ப்ளிபயரும் என்ர எர்த் வயரும்

பழைய வால்வு அம்ப்ளிபயர் திருத்துற தொழிலில பாட்டுக் கேட்ட நாளைவிட "ம்ம்ம்" எண்ட இரைச்சல் கேட்ட நாள்தான் கூட. ஈயம் பத்தவைச்சுக் கை சுட்ட சகபாவிகளே, மன்னாரில நான் பட்ட பாட்டையும் கேளுங்கோ.

உள்ளுக்க எல்லாம் புதுசு

ஊர்க் கோயில் பாடகர் குழுவில கிற்றார் வாசிக்கிற செபமாலை அண்ணை அம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த இரைச்சல் திருநாளுக்குள்ள நிக்காட்டி கிற்றார் வேண்டாம், கீபோர்டே போதும் எண்டு பாதர் சொல்லிப்போட்டாராம். மனுசன் அழாக்குறை. நான் பெரிய டாக்குத்தர் மாதிரி வால்வை மாத்தினன், கப்பாசிற்றரை மாத்தினன். இரைச்சல் அசையேல்லை. அண்ணை மெல்லமாச் சொன்னார்: "தம்பி, உள்ளுக்க எல்லாம் புதுசாப் போச்சுது. இரைச்சல் மட்டும் என்ர பழைய இரைச்சல்தான்."

பிந்தி வந்த புத்தி

பிறகுதான் எர்த் வயருகளைப் பாத்தன். தகட்டில கண்ட கண்ட இடத்தில பத்தவைச்சுக் கிடந்தது. அதுக்குள்ளால கரண்ட் சுத்தி வந்துதான் இரையுது. எல்லாத்தையும் கழட்டி ஒரே இடத்தில சேர்த்தன். ரெண்டு முள்ளுப் பிளக்கை எறிஞ்சுபோட்டு, எர்த் உள்ள மூண்டு முள்ளுப் பிளக்கைப் போட்டன். என்ர கடையில போட்டுப் பாத்தா, சத்தமே இல்லை. எனக்குத் தலைகால் தெரியேல்லை. தேத்தண்ணி கொண்டுவந்த என்ர மனிசி சொன்னா: "இதை முதலே செய்திருந்தா அந்த வால்வுகள் தப்பியிருக்கும்."

குழாயடி

திருநாளுக்கு முதல் நாள் கோயிலில பூட்டினா, திரும்ப "ம்ம்ம்". அங்கத்தைய பிளக் பொயின்ரில எர்த்தே இல்லை. நான் விடுவனோ? வெளியில தண்ணிக் குழாயின்ர இரும்பில வயரைச் சுத்தி உள்ளுக்க இழுத்தன். மண்ணுக்குள்ள போற இரும்பு, இதைவிட நல்ல எர்த் எங்க கிடைக்கும்? இரைச்சல் குறையவே இல்லை. அண்ணை குழாயைப் பாத்தார், என்னைப் பாத்தார். "தம்பி, மேலதான் இரும்பு. மண்ணுக்குள்ள பிளாஸ்ரிக் குழாய். ஊர் கூடிச் செய்த சிரமதானத்தில நானும் நீயும்தானே தாட்டனாங்கள்."

திருநாள் பூசை

இந்த மன்னார்த் தீவின்ர காய்ஞ்ச மணல் எர்த்துக்கு உதவாது. அண்டைக்கு இரவே தனியப் போய்க் கிணத்தடி ஈரத்தில செப்புக் கம்பி இறக்கி வயர் இழுத்தன். விடியப் பூசையில அம்ப்ளிபயர் மூச்சுக் காட்டேல்லை. அதுதான் வினையாப் போச்சு. இரைச்சல் இல்லாதபடியா அது வேலை செய்யேல்லை எண்டு நினைச்சு, அண்ணை சத்தத்தை முழுக்கத் திருப்பிப்போட்டார். கிற்றார்க் கம்பியில முதல் தட்டிலயே கூரைப் புறா எல்லாம் பறந்தது, முன் வாங்கில இருந்த பிள்ளையள் வீரிட்டு அழுதுகள். கிற்றார் இனி இல்லை எண்டுதான் நான் நினைச்சன். பூசை முடியப் பாதர் அண்ணையைக் கூப்பிட்டார். "இரைச்சல் நிண்டிட்டுது, நல்லது. வாற ஞாயிறு கொஞ்சம் மெதுவா வாசியுங்கோ."

இரைச்சலை நிப்பாட்டத் தெரிஞ்ச நான், அது நிண்டிட்டுது எண்டு வாசிக்கிற மனுசனுக்குச் சொல்ல மறந்ததுதான் என்ர தொழில் திறமை.