கட்டில் உயரத்து ஜன்னல்

டெப்போவில் அவருக்கு ஒட்டகம் என்று பேர். ஆறடி மூன்றங்குலம். முப்பத்தோரு வருடம் குனிந்து குனிந்தே பேருந்து ஓட்டியதில் கழுத்து முன்பக்கம் வளைந்து அப்படியே நின்றுவிட்டது. ஓய்வுபெற்ற மறு வருடம் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. பிள்ளைகள் இல்லை. ஒன்பது வருடம் அவரேதான் பார்த்துக்கொண்டார். குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்கவைக்கவும் வாரத்தில் நான்கு நாள் நான் போவேன். நோயாளிகளை வீட்டில் போய்ப் பார்ப்பது என் தொழில்.

ஆறு பெருகி ஊருக்குள் வந்த காலையில், பக்கத்து வீட்டு ஆட்கள் அவர் வீட்டுக் கதவையே கழற்றி, அதில் அந்தம்மாவைக் கிடத்தி, இடுப்பளவுத் தண்ணீரில் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கி வந்தார்கள். அவர் தலைமாட்டில் குடை பிடித்தபடி வந்தார். தண்ணீர் வடிந்தபோது வீடு இல்லை. சுவர்கள் ஊறிச் சரிந்திருந்தன.

வீடு போனவர்களுக்குத் தெருக்காரர்களே கைகொடுத்துக் கட்டித் தருவது என்று முடிவானது. மருந்துக்கடைக்காரர் பட்டியல் எடுத்தார். வீட்டுக்கு ஒரு தாள்: யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை. ஒட்டகத்தின் தாளை நான் நிரப்பினேன். சக்கர நாற்காலி நுழைய அகல வாசல். படிக்குப் பதில் சரிவு. சுவிட்சுகள் படுத்தபடியே கைக்கு எட்டும் உயரத்தில். வாஷ்பேசின் நாற்காலியில் உட்கார்ந்து முகம் கழுவத் தோதாக. தெருவைப் பார்க்கக் கட்டில் உயரத்தில் ஒரு ஜன்னல். கடைசியில் 'உடனிருப்பவர்' என்று ஒரு கட்டம். அதில் 'திடமாக இருக்கிறார்' என்று எழுதி ஒரு கோடு இழுத்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம்.

பதினோராம் நாள் அந்தம்மா பள்ளிக்கூடத்திலேயே, நெஞ்சில் சளி கட்டி, இறந்துபோனார். தாள் அப்போது கொத்தனாரின் சட்டைப்பையில் இருந்தது. அதைத் திருத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். வேலை நான்கு மாதம் நடந்தது. அவரும் எல்லோரோடும் நின்று செங்கல் சுமந்தார், சுவருக்குத் தண்ணீர் ஊற்றினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

சாவி கொடுத்து ஐந்தாவது வாரம் மருந்துக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், உங்க ஒட்டகம் வீட்லயே தங்கறதில்ல, தெரியுமா? டெப்போ ஓய்வறைல படுத்துக் கெடக்காரு."

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் அங்க வேலையே இல்லையே."

"ஆள் தங்காத வீட்டை அடுத்தவங்களுக்குக் குடுக்கணும்னு எல்லாருமா சேர்ந்து பேசினது. ஞாயித்துக்கிழமை கூட்டம். நாலு பிள்ளைங்களோட தையல்காரர் இன்னும் பள்ளிக்கூடத்துலதான் இருக்காரு. நான் யார் மூஞ்சியப் பார்க்கறது?"

நான் டெப்போவுக்குப் போனேன். ஆறு இரும்புக் கட்டில்கள், டீசல் வாடை. ஆணியில் அவருடைய இரண்டு சட்டைகள் தொங்கின. கட்டிலுக்கு வெளியே கால்களை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

"வீட்டுக்கு என்ன குறை?" என்று கேட்டேன்.

"ஒரு குறையும் இல்ல சிஸ்டர். நல்லாத்தான் கட்டிருக்காங்க."

"அப்புறம் ஏன் இங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா? எழுந்திரிங்க. செருப்பை மாட்டுங்க."

வீட்டுக்குக் கூட்டிப்போய், விளக்கைப் போடச் சொன்னேன். அவர் கை தோள் உயரத்தில் வெறும் சுவரைத் தடவியது. இடுப்புக்கு இறங்கியது. பிறகுதான் குனிந்து சுவிட்சைத் தேடிப்பிடித்தார். முகம் கழுவச் சொன்னேன். மண்டியிட்டுக் கழுவினார். எழுந்து நின்றால் கண்ணாடியில் அவருடைய சட்டையின் நாலாவது பொத்தான் தெரிந்தது.

"ஜன்னல்?"

"நின்னு பார்த்தா போறவங்க காலுதான் தெரியுது. செருப்பை வச்சு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு." ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். "அவ இருந்திருந்தா எல்லாம் கச்சிதமா இருந்திருக்கும். இதுல நான் எங்க நிக்கறதுன்னு தெரியல சிஸ்டர். நாலு மாசம் ஒரே ஜனம், ஒரே சத்தம். சாவியக் குடுத்த அன்னிக்கு சாயங்காலம் குழாய் சொட்டறது மட்டும் கேட்டுச்சு."

"கட்டும்போதே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"அவளுக்குன்னு தெருவே சேர்ந்து கட்டுது. வேணாம்னு எந்த வாயால சொல்றது?"

தப்பு என்னுடையது. அதைச் சொன்னேன். பையிலிருந்து டேப்பை எடுத்தேன். கால் வீக்கம் அளக்க வைத்திருப்பது. அவரைச் சுவரோடு நிற்கவைத்து முழங்கை, தோள், கண் என்று பென்சிலால் கோடு போட்டேன். கண்ணுக்குக் கோடு போட நான் நாற்காலியில் ஏற வேண்டியிருந்தது. அளந்து முடியும்வரை ஆடாமல் அசையாமல் நின்றார்.

மறுநாள் கொத்தனார் வந்தார். கோடுகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"ஏண்ணே, தினம் எங்கூடதான் செங்கல் தூக்குனீங்க. வாயை என்ன ஆத்துல விட்டுட்டீங்களா? குடியிருக்கப் போறது ஒட்டகம்னு தெரிஞ்சிருந்தா கூரையையே ஏத்திருப்பேனே!"

அவர் சிரிக்கவில்லை. சாந்துச் சட்டியை எடுத்துக் கொடுத்தார். எலக்ட்ரீஷியன் சுவிட்சுகளை ஏற்றினார். வாஷ்பேசினும் கண்ணாடியும் மேலே போயின. வாசலும் சரிவும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, விட்டுவிட்டோம். கடைசியாகக் கொத்தனார் உளியோடு ஜன்னல் பக்கம் போனார்.

"இதை ரெண்டு அடி ஏத்திடலாமா அக்கா?" என்று என்னைத்தான் கேட்டார்.

ஒட்டகம் ஜன்னல் விளிம்பில் கை வைத்தார். "அது இருக்கட்டும்."

"குனிஞ்சு குனிஞ்சு இருக்கற கழுத்தும் போயிரும்ணே."

"இருக்கட்டும்னேன்ல."

கொத்தனார் உளியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை ஒரு பையும் ஒரு பாயுமாக அவர் குடிவந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் வீட்டைப் பற்றிப் பேச்சு எழவில்லை. தையல்காரருக்குப் பக்கத்துத் தெருவில் வீடு கட்டக் கடைக்கால் தோண்டினார்கள். அங்கே இவர் செங்கல் சுமக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

அந்த வீட்டில் எனக்கு இனி வேலை இல்லை. போன வாரம் வேறொரு நோயாளியைப் பார்க்க அந்தத் தெரு வழியே நடந்தேன். மாலை நாலு மணி. அந்தம்மாவின் கட்டில் போட வேண்டிய இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய ஆள், முழங்காலை மடக்கிக்கொண்டு, கழுத்தை வளைத்து, ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து ஓட்டும்போது இருந்த அதே குனிவு. பக்கத்தில் யாரும் இல்லை.

என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். எனக்கு நேரமாகிவிட்டிருந்தது. நானும் கையைத் தூக்கிவிட்டு நடந்தேன்.