உழாத பாதி

நெல் அறுக்க ஒரு வாரம் இருக்கும்போதே நின்ற பயிருக்குள் உளுந்தை இறைக்க இறங்கினேன். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் அப்படித்தான். அறுத்தபின் உழமாட்டோம், நெல் குடித்து மிச்சம் வைத்த ஈரத்திலேயே உளுந்து வளர்ந்துவிடும். ஆனால் நான் வாழ்க்கைப்பட்டிருந்தது வடக்கே மண்ணூரில், அங்கே அந்தப் பழக்கம் கிடையாது. தொண்ணூற்றொன்றாம் வருஷத் தை.

"உழாம வெதைக்கிறியா? இன்னாமே, புறாவுக்குத் தீனி போடறியா?" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு டிராக்டர் மேல் அப்படியொரு மோகம்.

மாமனார் வழக்கைத் தீர்த்துவைத்தார். "மேல் பாதிய அவன் உழுது வெதைக்கட்டும், கீழ் பாதி உன் இஸ்டம். எது நல்லா காய்க்குதோ, வர்ற வருசம் முழுக் கழனிக்கும் அவங்க பேச்சுதான்."

மருமகள் பேச்சைக் கழனி கேட்பதா! அந்த ஆசையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அறுப்பன்று கீழ் பாதியில் என் உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. அறுக்க வந்த பெண்கள் கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள்.

"மிதிங்கக்கா, ஒண்ணும் ஆகாது!"

"இன்னாம்மா நீ, சோத்து மேல கால வெக்கச் சொல்றே?"

"மிதிபட்டாதான் வேர் நல்லா புடிக்கும்."

"உன் மாமியார மிதிச்சுப் பாரு, புடிக்குதான்னு!"

பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்த மாமியார்தான் முதலில் சிரித்தார். நானே இறங்கி நடந்து காட்டினேன். பிறகு எல்லோரும் நடந்தார்கள்.

மேல் பாதியில் டிராக்டர் இறங்கியது. வட்டத் தகடுகள் மண்ணை அடியோடு புரட்டின. கறுப்பு கீழே போக, வெளுப்பு மேலே வந்தது. அழகாகத்தான் இருந்தது. தோற்றுவிடுவேனோ என்று என் பாதியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அதே விதையை வீட்டுக்காரரும் விதைத்தார்.

மாசியில் அவர் பயிர் மஞ்சளாயிற்று. இலையில் நரம்பு மட்டும் பச்சை. யூரியா போட்டும் தேறவில்லை. வேளாண்மை அலுவலகத்துக்குப் போய் விசாரித்து வந்தார்: அடிமண்ணில் சுண்ணாம்பு இருக்கலாம், அது மேலே வந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிட்டாது, எலுமிச்சை பிழிந்தால் தெரிந்துவிடும்.

பிழிந்தார். மண் நுரைத்தது.

"அடியே, சோடா மாதிரி பொங்குதுடி!"

தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதே மனிதருக்கு மறந்துபோயிற்று. பழத்தோடு என் பாதிக்கு ஓடிவந்து பிழிந்தார். மண் சும்மா கிடந்தது. ஒரு ஜாண் வெட்டிப் பிழிந்தார், அங்கேயும் நுரை! ஒரே பூமிதான். சுண்ணாம்பை அங்கே உலுக்கி எழுப்பிவிட்டார், இங்கே தூங்கிக்கொண்டிருக்கிறது.

என் பாதியும் சொர்க்கமில்லை. நெல் தாள் மறுபடி துளிர்த்தது, களை மண்டியது. பிடுங்கிப் பிடுங்கி விரல் பச்சையேறிவிட்டது. ஆனாலும் பங்குனி வெயிலில் காய்கள் கறுத்துக் கொத்துக் கொத்தாக நின்றன. மேல் பாதியில் வரப்போரம் மட்டும் கொஞ்சம் தேறியது.

மாமனார் இரண்டு பக்கமும் செடி பிடுங்கி உதறிப் பார்த்தார். "இனிமே மருமவ பேச்சு" என்றார்.

ஆடியில் நெல்லுக்கு உழ அதே டிராக்டர்காரர் வந்தார். எவ்வளவு ஆழம் என்று வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் என்னைக் காட்டினார்.

"மேலால கீறிவிட்டாப் போதும்" என்றேன்.

"கீறறதுக்கு இன்னாத்துக்கும்மா டிராக்டரு? தலை வார்ற சீப்பு போதுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

"சீப்புன்னே வச்சுக்குங்க. அந்த ஆழம்தான்."

டிராக்டர்காரர் மேல்மண்ணை மட்டும் கீறும்படி கலப்பையை உயர்த்தி வைத்துக்கொண்டு வண்டியைக் கழனிக்குள் இறக்கினார்.