பௌர்ணமிக்கு முந்தின நாள் உடைந்த போல்ட்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. பௌர்ணமி வந்தால் ஊர் உலகமெல்லாம் எங்கள் வாசலுக்கு வரும். நானும் என் மனைவியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடுவோம். பக்தி கம்மி என்று நினைத்துவிட வேண்டாம். பாதையில் தடுப்பு போட்டுவிட்டால் கார் வெளியே போகாது. அவளுக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். பௌர்ணமி அந்த நாட்களில் விழுந்தால் முந்தின நாளே கிளம்பி, வேட்டவலம் ரோட்டில் இருக்கும் அவளுடைய தங்கை வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வோம். மறுநாள் அங்கிருந்தே ஆஸ்பத்திரி. நாலு வருஷமாக எங்களுக்குப் பௌர்ணமி என்றால் இதுதான்.

அந்த மாதம் வியாழக்கிழமை பௌர்ணமி. ஆனால் புதன் சாயங்காலமே திதி பிறக்கிறது, ஐந்து மணிக்கெல்லாம் தடுப்பு போட்டுவிடுவார்கள் என்று பக்கத்துப் பூக்கடையில் சொன்னார்கள். காருக்கோ ஒரு வாரமாக வியாதி. வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம். இந்தப் பாதையில் வேகத்தடைக்கா பஞ்சம்? புதன் காலையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கைப் போனில் பிடித்தேன். "பௌர்ணமி முடியட்டும் சார், வெள்ளிக்கிழமை கொண்டாங்க, பாத்துடலாம்" என்றார். வியாழக்கிழமையை அவர் வந்து ஓட்டித் தருவாரா? போனை வைத்துவிட்டு ஜாக்கியை எடுத்தேன்.

வாசலில் காரைத் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, பாதுகாப்புக்கு ஸ்டெப்னியை அடியில் தள்ளினேன். ஷாக் அப்சார்பரைச் சக்கரத்தோடு சேர்த்துப் பிடிக்கிற இரண்டு போல்ட்டில் கீழ் போல்ட் ஆடிக்கொண்டிருந்தது. துருவேறி, முடுக்கினால் நகரவில்லை. ஸ்பேனர் முனையில் இரும்புக் குழாயைச் செருகி மொத்த எரிச்சலையும் அதில் காட்டினேன். 'டக்'கென்று கை லேசாகிவிட்டது. போல்ட் இரண்டு துண்டு.

"அப்பாடா" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. போல்ட் போச்சு, கார் நகராது, நாளைக்குக் காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த இரும்பு நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டாம். இதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. அடுத்த நொடியே வெட்கம் வந்தது. தலையைத் திருப்பினால் அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கிறாள். சக்கரத்துக்கு மேலே பட்டப்பகலிலும் இருட்டு. அதனால் நான்தான் உட்கார வைத்திருந்தேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காதில் விழவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஊசி போட்ட கையோடு அவளால் ஸ்கூட்டரில் உட்கார முடியாது, கார்தான் வேண்டும். டவுன் கடைகளில் கிடைக்காமல் போல்ட்டுக்கு ஸ்கூட்டரில் கீழ்பென்னாத்தூர் வரை போனேன். அங்கே டிராக்டர் சாமான் கடைக்காரர் என் உடைந்த துண்டை இரண்டு தடவை உருட்டிப் பார்த்தார்.

"எதுக்குங்க இது, காருக்கா?"

"ஆமாங்க. ஷாக் அப்சார்பர் போல்ட்."

"சாதா போல்ட் போட்டுடாதீங்க, வழியிலயே வுட்டுடும். தலையில பத்து புள்ளி ஒம்பதுனு போட்டிருக்கணும், அதான் கெட்டி. இதே சைசு ஒண்ணே ஒண்ணு கெடக்குது. நட்டும் ஒண்ணுதான். தொலைச்சுடாதீங்க."

திரும்பி வரும்போது பகல் இரண்டரை. பாதையோரத்தில் மோர்ப்பந்தலுக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட பழைய துண்டை மண்ணெண்ணெய் விட்டு, கம்பி வைத்து அடித்து அடித்து வெளியே தள்ளினேன். புது போல்ட் நுழைய மறுத்தது. ஜாக்கியை ஒரு பல் ஏற்றினால் ஓட்டை மேலே போகும். ஒரு பல் இறக்கினால் கீழே போகும். ஐம்பத்தெட்டு வயசுக்கு மல்லாந்து படுத்துச் செய்கிற வேலையா இது? முதுகு கெஞ்சியது. மண்ணெண்ணெய் கண்ணில் சொட்டியது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் காரைத் திட்டினேன்.

"அதுக்கு மட்டும் வயசாவலையா, பாவம்" என்றாள் அவள்.

ஒருவழியாக போல்ட் மறுபக்கம் முனையை நீட்டியது. நட்டுக்காகக் கையை நீட்டினேன். அவள் பக்கத்து ஸ்டூலில், டப்பா மூடியில் வைத்திருந்தேன். மூடி இருந்தது, நட்டு இல்லை.

மணி மூன்றே முக்கால். கோணியை உதறினேன், மண்ணைக் கையால் சலித்தேன், துணிக்கொடிக்கடியில் எல்லாம் பார்த்தேன். "பக்கத்துலதானே உக்காந்திருக்க, பாக்கக் கூடாதா?" என்று அவள்மேல் பாய்ந்தேன். "நான் டார்ச்சத்தானே பாத்துட்டிருந்தேன்" என்றாள். கோபத்தில் வாய் உலர்ந்துபோய்த் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன்.

ஃபிரிட்ஜ் மேலே அந்த மஞ்சள் ரப்பர் பந்து இருந்தது. டயாலிசிஸ் ஊசி போடுகிற நரம்பு வலுவாக இருக்க, அவள் இடது கையில் அதை நாள் பூராவும் அமுக்கி அமுக்கி விடுவாள். ரொம்ப நேரமாக அந்தக் கை மூடியே இருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பந்து என்று நினைத்துவிட்டேன்.

வெளியே வந்து அவள் எதிரில் குத்துக்காலிட்டேன். "கையத் தொற."

டார்ச்சை மடியில் வைத்தாள். பிறகு திறந்தாள். உள்ளங்கை நடுவில் நட்டு இருந்தது. அதன் ஆறு பக்கமும் தோலில் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"ஒரு நாள் வுட்டா என்ன ஆவும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியாம என்ன? மழைல ஒரு தடவ வுட்டமே, மூச்சு முட்டினது எனக்குத்தானே."

"அப்புறம்?"

"அப்பாடான்னு சொன்னீங்க இல்ல. நாலு வருஷத்துல உங்க வாயில அதக் கேட்டதே இல்லைங்க. நாளைக்கு ஒரு நாள் நீங்க தூங்கட்டும்னு பாத்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மண்ணெண்ணெய்க் கை, கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. முந்தானையால் அவளே துடைத்துவிட்டாள். நட்டை வாங்கிக்கொண்டு காருக்கடியில் போய்ப் படுத்தேன். வெயிலில் வைத்ததுபோல் அது சூடாக இருந்தது. முதலில் கையாலேயே சுற்றி ஏற்றி, அப்புறம் ஸ்பேனரால் முடுக்கினேன். குழாய் போடவில்லை.

சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தெருமுனையைத் தாண்டினோம். போலீஸ்காரர் இரும்புத் தடுப்பை இழுத்தபடியே எங்களுக்குக் கையைக் காட்டி வழிவிட்டார். எதிரே ஜனங்கள் வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தார்கள். முதல் வேகத்தடையில் மெல்ல ஏறி இறங்கினேன். சத்தம் இல்லை.

"சரியாயிடுச்சு" என்றேன்.

"சரியாயிடுச்சு இல்ல? அப்ப இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்னத்த?"

"அப்பாடான்னு."

சொல்லப் பார்த்தேன். வரவில்லை.