கை தெரிந்தால் போதும்

மண்ணூர்பேட்டை சாமுண்டீஸ்வரி, ஏற்றுமதித் துணி கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்களுக்குத் தையல் பழக்கியவர். கம்பெனியை மூடியபின் வீட்டில் இருந்தவரை, ஒரு நிறுவனத்திலிருந்து பூபாலன் என்பவர் தேடி வந்தார். யார் வேண்டுமானாலும் செல்போனில் இலவசமாகப் படிக்கிற மாதிரி தையல் வகுப்பு ஒன்றை அமைத்துத் தரவேண்டும். சாமுண்டீஸ்வரிக்குச் சம்பளம் உண்டு.

இலவசம் என்பதே அவருக்கு இடித்தது. ஆனாலும் வேலை பிடித்திருந்தது. பாடங்களில் பேச்சைக் குறைத்தார். முதல் பாடத்திலேயே பழைய துணியில் பாக்கெட் வைக்கச் சொன்னார். தைப்பதை வீடியோ எடுத்து அனுப்பியவர்களுக்கு, எங்கே தப்பு என்று பார்த்துச் சொன்னார்.

ஆட்கள் பெருகியதும் பூபாலன் மறுபடி வந்தார்.

"எல்லாத்தையும் நீங்க பாக்க வேணாம் மேடம். ஒரே பாக்கெட்டை திரும்பத் திரும்பத் தைச்சு அனுப்பட்டும். போனை நெத்தியில கட்டிக்கிட்டு எடுக்கணும். கை தெரிஞ்சா போதும்."

"யாருமே பாக்காத வீடியோ எதுக்கு சார்?"

"பாடத்தை இம்ப்ரூவ் பண்ணத்தான்." சொன்ன கையோடு வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

சில நாளில் வகுப்பில் படிக்கும் கரையான்சாவடி முனியம்மா அழைத்தார். சாமுண்டீஸ்வரியைவிட வயதில் மூத்தவர்.

"டீச்சரம்மா, என் தையல் கோணலா கீது. ஆனா 'சூப்பர், அடுத்தது அனுப்பு'ன்னு மெசேஜ் வருது. நீயா போட்ட?"

"நான் போடலையே."

"பின்ன யாரு? வளையலக் கயட்டிட்டு எடுன்னு வேற சொல்றாங்கோ. என் கைய வெச்சிகினு இன்னா பண்ணப் போறாங்கோ?"

சாமுண்டீஸ்வரிக்குத் தெரியவில்லை. ஏதாவது இயந்திரத்துக்குத் தைக்கப் பழக்கவா? யாருக்காவது விற்கவா? வீடியோ எங்கே போகிறது என்று பூபாலனைக் கேட்டார். "மேல கேட்டுச் சொல்றேன்" என்றவர் சொல்லவேயில்லை.

சாமுண்டீஸ்வரியே பாடத்தை மாற்றினார். இனி வீடியோ வேண்டாம். தைத்த பாக்கெட்டை உள்பக்கம் திருப்பி ஒரு போட்டோ போதும். நூல் எங்கே தளர்ந்தது, எங்கே சுருங்கியது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

அடுத்த வாரமே வகுப்பை நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. பழைய வீடியோக்களை அழிக்கச் சொன்னதற்கு "அழிச்சாச்சு மேடம்" என்று ஒரு வரி வந்தது. அவர் நம்பவில்லை.

வகுப்பில் படித்த பெண்களை வாட்ஸ்அப்பில் சேர்த்துப் பாடத்தைத் தொடர்ந்தார். பாதிப் பேர்தான் வந்தார்கள். முனியம்மா வந்ததும் கேட்டார்: "உன்ன மட்டும் எப்டி நம்புறது?"

அந்தக் கேள்வி சாமுண்டீஸ்வரிக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் கோபப்பட முடியவில்லை.

"நம்பாதீங்க. எது அனுப்பச் சொன்னாலும் எதுக்குன்னு கேளுங்க. பதில் சரியில்லன்னா அனுப்பாதீங்க."

முனியம்மாவிடமிருந்து, உள்பக்கம் திருப்பிய பாக்கெட்டின் போட்டோ வந்தது. மூலையில் தையல் பிரிந்திருந்தது.