மே மாதத்து ஸ்வெட்டர்

மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு என் மகள் அழுகையை நிறுத்தினாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். மூன்றரைக்குள் அந்த வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. குழந்தை ஓய்ந்ததும் நான், மனைவி, மாமியார் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்து மூச்சு விட்டோம். அப்பாடா, இனிமேல் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்றுதான் நினைத்தேன். வேறெதுவும் நினைக்கவில்லை.

அது என் மனைவி பிறந்து வளர்ந்த வீடு. ஆவடியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஊழியர்களுக்கான குவார்ட்டர்ஸ். ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை. சுவரில் மாதா படம், அதன் கீழே சின்ன சிவப்பு பல்பு. திருமணமாகி இரண்டு வருடம் கழித்து அன்றுதான் முதல்முறையாக அந்த வாசற்படியை மிதித்தேன். நான் திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியன். அவர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் இல்லை. பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுத் திருமணம் செய்துகொண்டோம். செய்தி தெரிந்தபோது அவள் அப்பா ஒரே ஒரு வரி சொல்லி அனுப்பினார்: "மெடிக்கல் புக்குல இருந்து அவ பேர அடிச்சிட்டேன்."

அந்த வரி எனக்குப் புரியவில்லை. மனைவிதான் விளக்கினாள். தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் காட்டுவதற்கு ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு சின்னப் புத்தகம் உண்டு. அதில் குடும்பத்தார் பெயர்களை எழுதியிருப்பார்கள். வேறு ஊர்களில் தலைமுழுகிவிட்டேன் என்று சொல்வதைக் குவார்ட்டர்ஸில் அப்படிச் சொல்வார்களாம். சொல்லிவிட்டு அவள் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

பிறகு மே மாதம் அவள் அம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வேலை நாளாகப் பார்த்து வாருங்கள், அப்பா காலைச் சங்குக்குப் போனால் மாலை நாலரைச் சங்கு ஊதிய பிறகுதான் வெளியே வருவார், குழந்தையை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுகிறேன், படித்ததும் கிழித்துவிடு. மகளுக்கு அப்போது எட்டு மாதம். கிளம்பும் நாளில் சளி பிடித்திருந்தது. அடுத்த வாரம் போகலாமே என்றாள் மனைவி. நான்தான் கேட்கவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று, டிக்கெட் எடுத்தாயிற்று, லேசான சூடுதானே என்றேன்.

சென்ட்ரலிலிருந்து மின்சார ரயில் பிடித்தோம். ஆவடியில் இறங்கினால் அவள் அப்பாவைத் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று ஆவடியைத் தாண்டிப் பட்டாபிராமில் இறங்கி, சைக்கிள் ரிக்‌ஷாவில் படுதாவை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி வந்தோம். திருடர்களைப் போல.

மாமியார் எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். ஜன்னல்களை ஏற்கெனவே சாத்தியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்மணியின் கணவர் அப்பா வேலை செய்யும் செக்‌ஷனிலேயே இருக்கிறார், அவள் கண்ணில் பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சேதி உள்ளே போய்விடும் என்றார். இதையெல்லாம் மகளிடம்தான் சொன்னார். என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. "அவருக்கு காப்பி குடு", "அவரு உறைப்பு தின்பாரா கேளு" என்று என் முன்னாலேயே கேட்டார். கோபமில்லை. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு முகத்தையே பார்த்திருந்தார். பிறகு பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் ஸ்வெட்டரை எடுத்தார். தொப்பி, காலுறை எல்லாம் அதே நூலில்.

"டிசம்பர்லயே பின்ன ஆரம்பிச்சேன். உங்கப்பா கேட்டா கோயில்ல குடுக்கறதுக்குன்னு சொல்லுவேன்" என்றார் மகளிடம். "சளி வேற புடிச்சிருக்கு. போட்டு விடுறேன். கழட்டாத."

கான்கிரீட் கூரை. மே மாதம். சாத்திய ஜன்னல்கள். மின்விசிறி சுற்றியது அனலைத்தான். எனக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எவ்வளவு நாள் ஒளித்துப் பின்னியிருப்பார் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். படித்தவன் நான். காய்ச்சலுள்ள குழந்தையைப் போர்த்தக் கூடாது என்று எங்கோ வாசித்தும் இருந்தேன். மாப்பிள்ளை முதல்முறை வந்த வீட்டில் குறை சொன்னான் என்றாகிவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குமேல் குழந்தை அழத் தொடங்கியது. தோளில் போட்டு, மடியில் போட்டு, நடந்து, தட்டிப் பார்த்தோம். "ஷ்ஷ், சத்தம் போடாத கண்ணு" என்று மாறி மாறிக் கெஞ்சினோம். மட்டன் குழம்பும் சோறும் தட்டில் ஆறிப்போயின. இரண்டு பத்துக்கு அழுகை நின்றது.

பத்து நிமிடம் கழித்து மனைவி குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கண்கள் மேலே செருகியிருந்தன. இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. உதடு நீலமாகியிருந்தது.

மாமியார் கத்தவில்லை. குழந்தையை வாங்கித் தொப்பியை மட்டும் கழற்றினார். என்னை நேராகப் பார்த்து, "தண்ணி" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

ஓடிப் போய்ப் பானையிலிருந்து டம்ளரில் மொண்டு வந்து கொடுத்தேன். அவர் குழந்தையின் நெற்றியில் ஊற்றினார். கொஞ்சம்தான். மறுபடி, மறுபடி, மூன்று தடவை. வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"அம்மா, வேணாம்! வேணாம்மா!" என்று மனைவி அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள்.

சளிக்கு ஆகாதென்று தடுக்கிறாள் என நினைத்தேன். "விடும்மா, சூடு தணியட்டும்" என்றேன். இன்னொரு டம்ளர் கொண்டுவரவும் திரும்பினேன்.

மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "சூட்டுக்கு ஊத்தலைங்க. ஞானஸ்நானம் குடுக்கறாங்க. சாகப்போற கொழந்தைக்குத்தான் சாமியார் இல்லாம வீட்டுலயே குடுப்பாங்க."

அந்தத் தண்ணீரை மொண்டு கொடுத்தவன் நான்.

அதன்பின் கதவைத் திறந்தது யார் என்று எங்களுக்குள் இன்றும் தெளிவில்லை. நீங்கதான் என்கிறாள் மனைவி. திறந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்மணி வாசலிலேயே நின்றிருந்தாள், ஈரக் கையோடு.

"இன்னாக்கா, காலைலருந்து கொயந்த அயுவுது, கதவ சாத்திக்கினு கீறீங்க? செவுரு இன்னா கோட்டச் செவுரா, கேக்காம இருக்க?" என்றவள் குழந்தையைப் பார்த்ததும், "ஐயோ, கம்பளிய கயட்டு மொதல்ல!" என்று ஸ்வெட்டரை உருவி எறிந்தாள். "ஆசுபத்திரிக்கு ஓடுங்க. நான் பேக்டரி கேட்டாண்ட போயி அண்ணன வரச் சொல்றேன்."

"வேணாம்டி" என்றார் மாமியார். "அவருக்குத் தெரிஞ்சா..."

"தெரிஞ்சா இன்னா பண்ணுவாரு, தூக்குல போடுவாரா? அக்கா, புள்ளய பாரு நீ!"

ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்குள்ளேயே, ஒரு கிலோமீட்டருக்குள்தான். வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் வீட்டு வாசல்களில் பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒளித்துக்கொண்டு வந்த எங்களைத் தெருவே பார்த்தது. டாக்டர் எதுவும் கேட்காமல் வாங்கி உள்ளே கொண்டுபோனார். ஊசி போட்டும் வலிப்பு உடனே அடங்கவில்லை. அரை மணிக்கு மேல் இழுத்தது, அடங்கியது, மீண்டும் வந்தது. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், ஆம்புலன்ஸ் தயாராக இருக்கிறது, ஊழியர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். வெளியே டாக்ஸி பிடிக்கட்டுமா என்று கேட்டேன். வழியில் மறுபடி வந்தால் கையில் ஆக்ஸிஜன் இருக்காதே, கொஞ்சம் பொறுங்கள் என்றார் டாக்டர்.

மாமியார் இடுப்பில் செருகி வந்திருந்த புத்தகத்தை நீட்டினார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா பக்கத்தைப் புரட்டினார்.

"இதுல கொழந்தை பேரே இல்லையேம்மா. இவங்க உங்க பொண்ணா? கல்யாணம் ஆயிடுச்சா? கல்யாணம் ஆனா பேர எடுக்கணுமே. ரெண்டு வருசமா எடுக்கலியே."

மனைவி ஜன்னலுக்குள் கையை விட்டுப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். நானும் பார்த்தேன். நான்காவது வரியில் அவள் பெயர் இருந்தது. அதன் மேல் கோடு எதுவும் இல்லை. விதிப்படி அடித்திருக்க வேண்டிய பெயர். அடித்துவிட்டேன் என்று மாமனாரே சொன்ன பெயர். மாமியாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தப் புத்தகத்தை மாமனார் தன் பெட்டியில் வைத்திருப்பார், யாரையும் தொட விடமாட்டாராம்; அன்றுதான் மாமியார் முதல்முறையாக எடுத்தாராம்.

காத்திருந்தோம். தொழிற்சாலைக்குள் இருப்பவர் நடுவில் வெளியே வர அதிகாரி கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். அந்த அதிகாரி எங்கே இருந்தாரோ, தெரியாது. மூன்று பத்து. மூன்றரை. நாங்கள் ரிக்‌ஷா ஏறியிருக்க வேண்டிய நேரம்.

என் மகளுக்கு இப்போது வயது இருபதைத் தாண்டிவிட்டது. கல்லூரி விடுதியில் இருக்கிறாள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று அன்று முதல் மாத்திரை. இடது கை கொஞ்சம் மந்தம். தலைமுடியைப் பின்னிக்கொள்ள இன்னொருவர் வேண்டும். மாத்திரை போட்டாயா என்று தினமும் இரண்டு வேளை போன் செய்கிறேன். "போட்டேன்பா" என்று சலித்துக்கொள்கிறாள். அவள் எடுக்கத் தாமதமானால் என் மனக்கண்ணில் அந்தச் சாத்திய ஜன்னல்கள்தான் வருகின்றன. அன்று அரை மணி முன்னால் கதவைத் திறந்திருந்தால் என்று எத்தனையோ டாக்டர்களிடம் கேட்டுவிட்டேன். சொல்ல முடியாது சார் என்கிறார்கள்.

அன்று மூன்று ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சைக்கிள் விழும் சத்தம் கேட்டது. காக்கி உடுப்பு, முழங்கைவரை கிரீஸ். புகைப்படத்தில் பார்த்ததைவிடக் குள்ளமான மனிதர். மாமியார் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார். என் மனைவி, "அப்பா" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

அவர் எங்களைத் தாண்டி நேராக ஜன்னலுக்குப் போனார். குமாஸ்தா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். காகிதத்தில் கிரீஸ் ஒட்டியது. திரும்பி வந்து, ஸ்ட்ரெச்சரில் கிடந்த குழந்தையின் அருகே நின்றார். தொடப் போன கையைப் பார்த்துவிட்டுப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பிறகு, எங்கள் மூவரில் யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"சொல்லியிருந்தா லீவு போட்டிருப்பனே."