பாசி அள்ளிய அம்மா

எனக்குச் சர்க்கரை. எடை குறையாவிட்டால் தினமும் ஊசிதான் என்று டாக்டர் மிரட்டியதால், காலையில் அடையாறு கழிமுகத்தில் நடந்துகொண்டிருந்தேன். தி.நகரில் இளைக்கிற பொடி விற்று என்னை ஏமாற்றியவன் மேல் இருந்த கோபம் அப்போதும் ஆறவில்லை.

அங்கேதான் அந்த ஆராய்ச்சிக்கார அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வரை சேறு. பச்சைத் தண்ணீர் அள்ளிய ஒவ்வொரு பாட்டிலையும் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துச் சிரிப்பார்.

"இன்னாம்மா இது?"

"கண்ணுக்குத் தெரியாத பாசி சார். இதுல கொழுப்பைக் கரைக்கிற மருந்து இருக்கான்னு தேடறோம்."

"எனக்கு ஒரு பாட்டில் குடு. கரையுதா பாத்துடலாம்."

"ஐயோ, சில பாசி விஷம் சார்! இப்ப மீன் குஞ்சுக்குத்தான் குடுத்துப் பாக்கறோம்."

"கரையுமா, கரையாதா? அத்த சொல்லு."

"தெரியாது சார்."

பொடிக்காரன் ஒருநாளும் சொல்லாத வார்த்தை அது. அதற்காகவே அவருடைய பாட்டில் பையை மணலில் ரோடு வரை தூக்கிக் கொடுத்தேன். அவர் வந்த நாளெல்லாம், மூன்று மாதம் தூக்கினேன். எடை குறைந்துவிட்டது, ஊசி வேண்டாம் என்றார் டாக்டர்.

ஓடிப்போய்ச் சொன்னேன். "உன் பாசி வேல செஞ்சிடுச்சும்மா!"

"அதை என் ஆராய்ச்சியில நான் எழுத முடியாதே சார்," என்றார், முகம் வாடி. அது வருத்தமா, நக்கலா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.