அப்பா இறந்ததை அரசுக்குச் சொல்ல: காந்திபுரத்திலிருந்து ஈரோடு வரை

வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவர் அவிநாசியில் அம்மாவிடம் அப்பாவைக் கூப்பிடச் சொன்னதில் தொடங்கியது இந்தப் பயணம். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. பெயரை நீக்க இறப்புச் சான்று வேண்டும் என்றார். எங்களிடம் இல்லை. "இன்னொருக்கா ஆராச்சும் வந்து ஐயா இருக்காருங்களான்னு கேட்டா எனக்குத் தாங்காது கண்ணு" என்றார் அம்மா. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அப்பா இறந்தது பெருந்துறைக்குப் பக்கத்துக் கிராமத்தில், தம்பி வாடகைக்கு இருந்த வீட்டில். தம்பிக்குத் தொழிற்பேட்டையில் வேலை. அவன் பதிந்திருப்பான் என்று நானும் அம்மாவும் நினைத்துக்கொண்டோம். கேட்டபோதெல்லாம் நாளைக்கு நாளைக்கு என்றே தள்ளினான். சோம்பேறி என்று வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

முதல் தப்பு என்னுடையது. தோழி ஒருத்தி பல வருடங்களுக்கு முன் கோர்ட்டில் உத்தரவு வாங்கியதை நம்பி, கோவை நீதிமன்ற வளாகத்தில் அரை நாள் சுற்றினேன். ஒரு வக்கீல் குமாஸ்தாதான் புரிய வைத்தார். ஒரு வருடம் தாண்டிய பதிவு முன்பு நீதிமன்றத்தின் வேலை. சட்டத்தை மாற்றி, இப்போது வருவாய்த் துறையிடம் கொடுத்துவிட்டார்கள். அதுவும் நாம் குடியிருக்கும் ஊரில் இல்லை, உயிர் பிரிந்த ஊர் எந்தக் கோட்டத்தில் வருகிறதோ அங்கே.

பள்ளியில் படித்தது சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் என்று மூன்று கட்டம். நடைமுறையில் கட்டங்களுக்குள் நிறையப் படிக்கட்டுகள். கலெக்டருக்குக் கீழே கோட்டத்துக்கு ஆர்.டி.ஓ., வட்டத்துக்குத் தாசில்தார், அடுத்து வருவாய் ஆய்வாளர், கிராமத்துக்கு வி.ஏ.ஓ. நாம் ஆர்.டி.ஓ.விடம் கொடுக்கும் மனு கடைசிப் படி வரை இறங்கி, வி.ஏ.ஓ. விசாரித்து எழுதியதும் ஒவ்வொரு கையெழுத்தாக மேலே ஏறும். எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. தினமும் போன் செய்து அவர்கள் உயிரையும் வாங்கினேன்.

அதன் பிறகு ஆர்.டி.ஓ. எங்களை நேரில் விசாரிக்கக் கூப்பிட்ட நாளில், காலை 6.20க்குக் கோவை காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். அவிநாசிக்கு நாற்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய். சில சேலம் பஸ்கள் ஊருக்குள் வராமல் புறவழியில் போய்விடும், கேட்டு ஏறுங்கள். அம்மாவிடம் அப்பாவின் அசல் ஆதாரையும் வாக்காளர் அட்டையையும் வாங்கிக்கொண்டு, 7.50க்கு அடுத்த பஸ். 8.50க்குப் பெருந்துறையில் தம்பி ஏறினான். ஈரோடு வரை அவன் ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். நானும் முகம் கொடுக்கவில்லை.

ஈரோட்டில் ஆட்டோக்காரர், "ஆர்.டி.ஓ.ன்னா லைசென்ஸ் எடுக்கற எடந்தானுங்க?" என்று கேட்டார். நல்லவேளை கேட்டார். வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம் என்று முழுதாகச் சொல்லுங்கள். எண்பது ரூபாய் வாங்கினார்.

பத்தரைக்கு வரச் சொன்னவர்கள் கூப்பிட்டபோது மணி 12.50. அதற்குள் வராந்தாவை எத்தனை முறை அளந்தேன் என்று தெரியாது. அதிகாரி ஒரு பெண். தாசில்தார் அறிக்கையைப் புரட்டிவிட்டுத் தம்பியைக் கேட்டார்: "இறந்தப்போ பக்கத்துல யாரு இருந்தீங்க?"

நான்தான் முந்திக்கொண்டு, தம்பி இருந்தான் என்றேன். மூன்று வருடமாக எங்களுக்கு அவன் சொன்னது அதுதான். மதியம் இரண்டு மணிக்கு, இவன் கையைப் பிடித்தபடி அப்பா போய்ச் சேர்ந்தார் என்று.

"இல்லீங்க மேடம், ஆருமில்லீங்க" என்றான் தம்பி. "காத்தால ஷிப்டுக்குப் போறப்ப நல்லாப் பேசுனாருங்க. மூச்சு வாங்குதுன்னாரு, லீவு போட்டிருக்கோணும், போடலீங்க. ரெண்டரைக்கு வந்து பாக்கறப்ப ஒடம்பு சில்லுனு கெடந்துதுங்க. மயானத்துல மணி கேட்டாங்க, ரெண்டுன்னு பொய் சொல்லிப்போட்டனுங்க. மறுக்கா சர்க்காருக்கும் அதையே எழுதித் தரோணுமேன்னுதான் பதியப் போகலீங்க."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி இறப்பு அறிக்கைப் படிவத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார். "மணி எங்கேயும் கேக்கலப்பா. தேதி போதும்."

தம்பி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். பெயர், வயது, பாலினம், தேதி, இடம். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தான். "இல்லீங்க்கா" என்றான் என்னிடம். நிஜமாகவே இல்லை. அந்தப் படிவத்தை நானும் அன்றைக்குத்தான் முதன்முதலாக முழுதாகப் பார்க்கிறேன்.

உத்தரவு பத்து நாளில் வந்தது. அதை வி.ஏ.ஓ.விடம் கொடுத்துப் பதிந்து, சான்றை அவிநாசியில் அம்மா கையில் கொடுத்தோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பதிவேட்டில் பதிவு இல்லை என்ற சான்றை முதலில் வாங்குங்கள், அது இல்லாமல் மனு நகராது. அசல்களோடு இரண்டு நகல் வையுங்கள். மதியம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். உடன் வருபவரிடம் அந்த நாளில் என்ன நடந்தது என்று வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். ஏன் பதியவில்லை என்று நான் மூன்று வருடம் கேட்டேன். அப்பா எப்படிப் போனார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அதைக் கேட்க ஓர் அதிகாரி வேண்டியிருந்தது.